ஓட்டுப் போடச் சொன்ன வக்கீல்

நான் ஆறு வருஷமாகக் குடியிருக்கும் இடத்தின் பெயர் எஸ்கோம். தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து பைன்டவுனுக்குப் போகும் பழைய ரயில் பாதையில், குவீன்ஸ்பர்க் பகுதிக்குள் வரும் ஒரு சின்ன ஸ்டேஷனும் அதைச் சுற்றி மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் தெருக்களும்தான் ஊர். வீட்டுக்கு வீடு மாமரமோ அவகாடோ மரமோ நிற்கும், அதனாலேயே குரங்குத் தொல்லையும் உண்டு, சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போக முடியாது. எழுதும்போது பெயரின் கடைசியில் ஒரு பி, ஒரு இ எல்லாம் வரும், பேசும்போது இரண்டையும் முழுங்கிவிடுவார்கள். அம்மா இன்னும் போனில் "எஸ்காமா, எஸ்கேப்பா, என்னடா ஊரு அது?" என்றுதான் கேட்கிறாள்.

வந்த புதிதில் நான் இதை மவுண்ட் எட்ஜ்கோமோடு குழப்பிக்கொண்டேன். அது ஊருக்கு வடக்கே, கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையுமாக இருந்த இடம். புனித வெள்ளிக்கு அங்கே மாரியம்மன் கோவிலில் தீமிதி என்று ஊரே திரளும். அந்தப் பெயரின் ஏதோ ஒரு துண்டு பிய்ந்து இங்கே விழுந்திருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டிருந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எங்கள் ஆபீஸ் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் சரக்கு கிளியரிங் ஆபீஸ். ஒருநாள் ஒரு கையெழுத்துக்காக டவுனுக்குப் போனவன், ஆள் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றதும் சிட்டி ஹாலுக்கு எதிரே ஃபேர்வெல் ஸ்கொயரில் போய் உட்கார்ந்தேன். அங்கே நிற்கிற சிலைகளை டர்பன்காரர்கள் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை, புறாக்கள்தான் பார்க்கும். எனக்குப் பொழுது போகவில்லை, போய்ப் பெயரைப் படித்தேன். ஹாரி எஸ்கோம். அட, நம்ம ஸ்டேஷன்! அந்த ஆள்தான் ஊருக்குப் பெயர் கொடுத்தவர், வக்கீலாக இருந்து அரசியலுக்கு வந்து 1897-ல், டர்பன் அப்போது சேர்ந்திருந்த வெள்ளைக்கார நேட்டால் காலனிக்குப் பிரதமர் ஆனவர்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் எனக்குச் சொந்த ஊர் பொறையாறு பக்கம், தில்லையாடி அங்கிருந்து சைக்கிள் தூரம். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் வள்ளியம்மை நினைவு மண்டபத்துக்கு வரிசையில் கூட்டிப் போவார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, பதினைந்து பதினாறு வயதில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-ல் செத்துப்போன பெண் என்று வாத்தியார் சொல்லும்போது, "மூன்று பவுன் வரி, மூன்று பவுன் வரி" என்று ஒரு வார்த்தை அடிக்கடி வரும். மூன்று பவுன் நகைக்கு வரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. அந்த வரிச் சட்டம் 1895-ல் நேட்டாலில் வந்தபோது அரசாங்கத்தின் அட்டர்னி ஜெனரல் யார் என்று பார்த்தால், இந்தச் சிலைதான். அதற்கப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு மாதமாகச் சனி ஞாயிறெல்லாம் இவரோடுதான் போகிறது, வீட்டில் பாட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆள் லண்டன் நாட்டிங் ஹில்லில் 1838-ல் பிறந்தவர். படிப்பு முடிந்து ஒரு பங்குத் தரகர் ஆபீஸில் நாலு வருஷம் குமாஸ்தா வேலை மாதிரி ஏதோ பார்த்துவிட்டு, 1859-ல் கப்பலேறி முதலில் கேப் போய், அடுத்த வருஷம் நேட்டாலுக்கு வந்து சேர்ந்தார். அவர் நேட்டால் வந்த அதே 1860-ல் நவம்பர் 16-ம் தேதிதான் மதராஸிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதல் ஆட்கள். அப்போது தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேலே வந்தார்கள், அதில் பெரும்பங்கு மதராஸ் துறைமுகத்திலிருந்து. இவரும் பிழைப்புத் தேடி வந்தவர்தான், அவர்களும் பிழைப்புத் தேடி வந்தவர்கள்தான். இவர் வந்ததும் அந்த வேலை இந்த வேலை என்று எதையெதையோ செய்து பார்த்திருக்கிறார், சரிப்படவில்லை. விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார், யாரும் பிடித்து ஜெயிலில் போடவில்லை. தோட்டத்துக் கூலி சரிப்படவில்லை என்று விட்டுப் போனால் குற்றம், ஒப்பந்தத்தை மீறியதற்கு ஜெயில்தான்.

கடைசியில் அட்டர்னிக்குப் படித்துத் தேறினார். பத்திரம் எழுதுவது, கோர்ட்டில் நின்று வாதாடுவது இரண்டையும் இங்கே அப்போது ஒரே ஆளே செய்யலாம். கொஞ்ச காலத்திலேயே நேட்டாலில் இவரை அடிக்க ஆளில்லை என்ற பெயர் வந்துவிட்டது. 1872-ல் டர்பன் சார்பாகச் சட்டசபைக்குப் போனார். அதற்கப்புறம் வக்கீல் தொழிலும் அரசியலும் இரண்டு குதிரை சவாரி.

அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டர்பன் துறைமுகத்தின் வாயில் ஒரு மணல்திட்டு இருந்தது. பழவேற்காட்டில் முகத்துவாரம் தூர்ந்துபோய்ப் படகு போக முடியாமல் மீனவர்கள் அல்லாடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பெரிய கப்பல்கள் எல்லாம் வெளியே அலையில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கைப் படகுக்கு மாற்றி உள்ளே கொண்டுவர வேண்டும், பயணிகளைப் பிரம்புக் கூடைக்குள் நிற்க வைத்துக் கயிற்றில் கீழே இறக்குவார்கள். 1880-ல் துறைமுகத்துக்கென்று தனி வாரியம் அமைய வைத்து, அதற்குத் தலைவராகவும் உட்கார்ந்து, தடுப்புச் சுவர் நீட்டுவது, மணல் வாருவது என்று வருஷக்கணக்கில் இவர் மல்லுக்கு நின்றார். துறைமுகத்தின் இன்ஜினியர் மெத்வென் என்பவரோடு சண்டை முற்றி, 1895-ல் அவரை வேலையை விட்டே எடுத்தார்கள். ஆர்மடேல் காசில் என்ற பெரிய தபால் கப்பல் அந்தத் திட்டைத் தாண்டி நேராக உள்ளே வந்தது 1904-ல், எஸ்கோம் செத்து நாலரை வருஷம் கழித்து. இன்று நான் மாதச் சம்பளம் வாங்குவது அந்த வாய்க்கால் வழியாக உள்ளே வரும் கண்டெய்னர்களால்தான், அந்த அளவுக்கு நானும் கடன்பட்டவன்.

வானத்தைப் பார்க்கும் பித்தும் அவருக்கு இருந்திருக்கிறது. 1882 டிசம்பரில் வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போவதைப் பார்க்க வசதியாக டர்பனில் நேட்டால் வானோக்கு நிலையம் வந்ததற்கு முக்கியமாக நின்றவர் இவர்தான். அரசியல்வாதியிடம் இப்படி ஒரு கிறுக்கு இருந்தால் எனக்குக் கொஞ்சம் பிடித்துப் போகும்.

அதைவிடப் பெரியது தினுசூலு வழக்கு. ஜூலு அரசர் செட்ஷ்வாயோவின் மகன் தினுசூலுவை வெள்ளைக்கார அரசாங்கம் ராஜத்துரோகம் என்று கூண்டில் நிறுத்தியபோது, பிஷப் கொலென்சோவின் மகள் ஹாரியட் ஓடியாடி ஏற்பாடு செய்ய, அவருக்காக வாதாடப் போனவர் எஸ்கோம். டர்பன் வெள்ளைக்காரர்களின் ஓட்டில் ஜெயிக்கிற ஆள், அவர்கள் மிரண்டுபோயிருந்த ஒருவனுக்காகக் கோர்ட்டில் நிற்பது லேசான காரியம் இல்லை. தீர்ப்பு 1889-ல் பாதகமாகத்தான் வந்தது, தினுசூலுவைச் செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் வாதாடினார்.

சரி, இப்போது நம்ம கதைக்கு வருகிறேன்.

1885 முதல் 1887 வரை இந்தியக் கூலிகள் விஷயமாக நேட்டாலில் ஒரு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊர் திரும்பாமல் இங்கேயே காய்கறி போட்டு, தலையில் கூடை சுமந்து விற்று, சின்னக் கடை வைத்துக் காலூன்றுகிறார்கள், இவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாமா என்பது கேள்வி. எஸ்கோம் அதன் முன்னால் சாட்சி சொன்னார். அவர் சொன்னதன் சாரம் இது: குற்றவாளியைத் தவிர யாரையும் ஓர் ஊரை விட்டுத் துரத்தக் கூடாது. அந்த ஆளை நாம்தான் கூட்டி வந்தோம், பேச்சுக்கு அவன் சம்மதத்தோடு, நடப்பில் பல சமயம் சம்மதமே இல்லாமல். வாழ்க்கையின் நல்ல ஐந்து வருஷத்தை இங்கே கொடுத்திருக்கிறான், பழைய உறவு அறுந்து புது உறவு முளைத்திருக்கும், வீடு கட்டியிருப்பான், அவனைத் திருப்பி அனுப்புவது என் மனசுக்கு நியாயமாகப் படவில்லை. பிழிய வேண்டியதைப் பிழிந்துகொண்டு போடா என்பதைவிட, இனிமேல் இந்தியாவிலிருந்து ஆளே கொண்டுவராமல் நிறுத்திவிடுவது எவ்வளவோ மேல். காலனிக்கு இந்தியர்கள் வேண்டும், ஆனால் அவர்கள் வருவதால் வரும் விளைவு மட்டும் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு எழுந்து போய் ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து மறுபடி படித்தேன். அந்தக் காலத்தில் நம்முடைய ஆட்களே இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருப்பார்களா என்று சந்தேகம்தான். காந்தி இந்தச் சாட்சியத்தை வைத்துக்கொண்டு பிற்பாடு மனுவுக்கு மனு எஸ்கோமையே அடித்தார், அடிக்காமல் எப்படி?

ஏனென்றால் எட்டுப் பத்து வருஷத்தில் அதே ஆள் அட்டர்னி ஜெனரலாக இருந்த அரசாங்கம் 1895-ல் 17-ம் எண் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒப்பந்தம் முடிந்தவன் ஒன்று மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லை ஊர் திரும்ப வேண்டும், இரண்டும் இல்லை என்றால் வருஷத்துக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும். முதலில் நேட்டால் கேட்டது இருபத்தைந்து பவுன். இந்தியாவின் வைஸ்ராய் அவ்வளவுக்கு ஒத்துக்கொள்ளாமல் மூன்றாகக் குறைத்தார் என்பதைத் தயவு என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. கூலிக்கு முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், வருஷம் ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் வருஷம் பதினாலு. ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங், மூன்று பவுன் அறுபது ஷில்லிங், அதாவது ஐந்தாம் வருஷக் கூலியில் நாலு மாதச் சம்பளத்துக்கும் மேலே. அதுவும் ஆளுக்கு. புருஷன், பெண்டாட்டி, பதினாறு வயது தாண்டிய பையன், பதின்மூன்று தாண்டிய பெண் என்று ஒரு குடும்பம் இருந்தால் பன்னிரண்டு பவுன். பன்னிரண்டு பவுனைக் கட்டுவதா, மறுபடி தோட்டத்துக்கே போய் விழுவதா? இரண்டாவதைச் செய்யட்டும் என்றுதான் சட்டமே.

மனசு மாறிவிட்டது என்று அவரை விட்டுவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓட்டு விஷயத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

நேட்டாலில் ஐம்பது பவுன் மதிப்புக்கு நிலமோ வீடோ இருந்தால், அல்லது வருஷம் பத்துப் பவுன் வாடகை கட்டினால் ஓட்டு உண்டு, சட்டப்படி இந்தியருக்கும் உண்டு. ஆனால் நம்ம வியாபாரிகள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. காந்தியை இங்கே வரவழைத்த குஜராத்தி வியாபாரி தாதா அப்துல்லாவின் கம்பெனிக்கு வக்கீல் எஸ்கோம். ஒரு தேர்தலில் துறைமுக இன்ஜினியரோடு அவருக்கு ஆகவில்லை, எங்கே தன் ஓட்டையெல்லாம் அந்த ஆள் கெடுத்துவிடுவாரோ என்று பயம். உடனே தன்னிடம் வழக்குக் கொடுக்கும் கட்சிக்காரர்களான அந்தச் சேட்டுகளைக் கூப்பிட்டு, உங்களுக்கு ஓட்டு இருக்கிறது ஐயா, போய்ப் பெயரைப் பதிவு செய்யுங்கள் என்று விவரம் சொல்லிக் கொடுத்து, பதிவும் செய்ய வைத்து, தனக்கே போடவும் வைத்தார். 1894-ல் இந்தியரின் ஓட்டைப் பிடுங்கும் மசோதா சபைக்கு வந்து காந்தி விவரம் கேட்டபோது, ஓட்டு என்றால் எங்களுக்கு என்ன தெரியும், வக்கீல் சொன்னார், போட்டோம் என்ற மாதிரிதான் தாதா அப்துல்லா சேட் பதில் சொன்னதாகக் காந்தியே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

அந்த மசோதா வந்த அரசாங்கத்திலும் எஸ்கோம்தான் அட்டர்னி ஜெனரல். 1893-ல் நேட்டாலுக்குச் சுயாட்சி கிடைத்து ராபின்சன் முதல் பிரதமரானபோது அந்த நாற்காலி இவருக்கு வந்திருந்தது. சேட்டுகளைப் பதிவு செய்ய வைத்த அதே கை. என்ன பெரிய ஆபத்து வந்துவிட்டது என்று பார்த்தால், ஓட்டர் பட்டியலில் வெள்ளைக்காரர்கள் 9,309 பேர், இந்தியர்கள் 251 பேர். நூற்றுக்கு மூன்று கூட இல்லை! இந்தியர் என்று பெயர் சொல்லியே தடுத்ததால் லண்டன் முதலில் ஒப்புதல் தரவில்லை, பத்தாயிரம் கையெழுத்தோடு மனு போயிருந்தது. வக்கீல்களுக்கா வழி தெரியாது? 1896-ல் வந்த சட்டத்தில் இந்தியர் என்ற வார்த்தையே இருக்காது. பாராளுமன்ற முறையில் ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு இதுவரை இல்லாத நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் இனி ஓட்டு கிடையாது என்று எழுதினார்கள். இந்தியாவில் அந்த அமைப்பு ஏன் இல்லை, யார் தரவில்லை என்று திருப்பிக் கேட்டால் அதற்குப் பதில் இல்லை. ஏற்கெனவே பட்டியலில் இருந்த அந்தச் சில பேரை விட்டுவைத்தார்கள்.

இந்த ஆளுக்கும் காந்திக்கும் இருந்த உறவுதான் எனக்கு இன்னும் பிடிபட மாட்டேன் என்கிறது. காந்தி நேட்டால் கோர்ட்டில் வக்கீலாகச் சேர மனுப் போட்டபோது, அட்டர்னி ஜெனரல் மூலமாகத்தான் மனு போக வேண்டும் என்பது வழக்கம், எஸ்கோம் முகம் சுளிக்காமல் தாக்கல் செய்து கொடுத்தார். எதிர்த்தது இங்கே இருந்த வக்கீல் சங்கம்தான். 1894 செப்டம்பரில் கோர்ட் சேர்த்துக்கொண்டது, தலைப்பாகையைக் கழற்றச் சொன்னது தனிக் கதை. பிறகு காந்தி குடிபோன பீச் குரோவ் வீடும் எஸ்கோம் வீட்டுப் பக்கத்தில்தான். காலையில் வேலி ஓரமாகக் குட்மார்னிங் சொல்லிவிட்டு, ஆபீஸுக்குப் போய் ஒருத்தர் சட்டம் எழுதுவார், இன்னொருத்தர் அதை எதிர்த்து மனு எழுதுவார் போலிருக்கிறது.

1896 டிசம்பரில் கோர்லேண்ட், நாதேரி என்று இரண்டு கப்பல்கள் ஏறத்தாழ 800 பேரோடு டர்பனுக்கு வெளியே வந்து நின்றன. ஒன்றில் காந்தியும் கஸ்தூரிபாவும் குழந்தைகளும். பம்பாயில் பிளேக் என்று காரணம் சொல்லி இறங்க விடாமல் வாரக்கணக்கில் வெளியிலேயே நிறுத்திவைத்தார்கள். ஊருக்குள் வெள்ளைக்காரர்கள் கூட்டம் போட்டு, இவர்களைத் திருப்பி அனுப்பு, இல்லையேல் கடலில் தள்ளுவோம் என்று முறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜனவரி 13-ம் தேதி கப்பல்களை உள்ளே விட்டபோது துறைமுகத்தின் பாயிண்ட் பகுதியில் ஆயிரக்கணக்கில் திரண்டு நின்ற அந்தக் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்று பேசியவர் எஸ்கோம். கலைந்து போங்கள், சபை சீக்கிரம் கூடப் போகிறது, உங்களுக்கு வேண்டிய சட்டத்தை நாங்கள் கொண்டுவருகிறோம் என்றார். கூட்டம் கலைந்தது. காந்திக்கும் தனியாகச் சொல்லி அனுப்பினார், இப்போது இறங்காதே, இருட்டின பிறகு போலீஸ் துணையோடு வா என்று. இன்னொரு வக்கீல் நண்பர் பேச்சைக் கேட்டுக் காந்தி பகலிலேயே நடந்து போய், தெருவில் செங்கல்லும் அழுகிய முட்டையுமாக வாங்கிக் கட்டிக்கொண்டு, போலீஸ் சூப்பரின்டெண்டெண்ட் மனைவி மிஸஸ் அலெக்சாண்டர் குடையை விரித்துக் குறுக்கே நின்றதால் உயிர் பிழைத்த கதை நமக்கெல்லாம் தெரியும். அடித்தவர்கள் மேல் வழக்குப் போடச் சொல்லி லண்டனிலிருந்து காலனிகளுக்கான மந்திரி சேம்பர்லேன் தந்தி அடித்தார். எஸ்கோம் காந்தியைக் கூப்பிட்டு, உங்கள் மேல் ஒரு கீறல் விழுந்தாலும் எனக்கு வருத்தம்தான் என்ற ரீதியில் பேச, காந்தி வழக்கு வேண்டாம் என்று அங்கேயே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த வருத்தம் பொய் என்று நான் நினைக்கவில்லை. அதுதான் சங்கடம். கூட்டத்துக்கு அவர் கொடுத்த வாக்கும் பொய் இல்லையே. பிப்ரவரியில் பிரதமரானார், அந்த வருஷமே சட்டங்கள் வரிசையாக வந்து விழுந்தன. குடியேற்றத் தடைச் சட்டம் ஒன்று. வருகிறவன் ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும், அதிலும் இந்தியர் என்ற வார்த்தை இல்லை. வியாபார லைசென்ஸ் சட்டம் இன்னொன்று. கணக்குப் புத்தகம் ஆங்கிலத்தில் இல்லையென்றால் லைசென்ஸ் இல்லை, அதிகாரி மறுத்தால் நகரசபையிடம்தான் முறையிட வேண்டும், கோர்ட்டுக்குப் போக வழி இல்லை. கோர்ட்டிலேயே பிழைத்து ஆளான ஒருவர், கோர்ட் கதவைச் சாத்தி எழுதிய சட்டம் இது. நகரசபையில் உட்கார்ந்திருப்பது யார்? எதிர்த் தெருவில் கடை வைத்திருக்கும் வெள்ளைக்காரர்கள். கோழி கொடுத்த புகாரை நரி விசாரிக்கிற கதைதான்.

இந்த எழுத்துப் பரீட்சை உத்தி இங்கேயே நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வருஷம் விக்டோரியா ராணியின் அறுபதாம் வருஷக் கொண்டாட்டத்துக்குக் காலனிப் பிரதமர்கள் எல்லாம் லண்டன் போனார்கள், எஸ்கோமும் போனார், கேம்பிரிட்ஜ் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, ராணியின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சிலில் இடமும் கிடைத்தது. அங்கே நடந்த மாநாட்டில் சேம்பர்லேன் மற்றப் பிரதமர்களிடம், நிறத்தையும் இனத்தையும் சட்டத்தில் எழுதாமல் நேட்டால் மாதிரி செய்யுங்களேன் என்று எடுத்துக்காட்டினார். ஆஸ்திரேலியாவின் பகுதிகள் சில உடனே பின்பற்றின, 1901-ல் ஆஸ்திரேலியா ஒரே நாடானதும் வந்த சட்டத்தில் அது ஐரோப்பிய மொழி டிக்டேஷன் பரீட்சையாகவே உட்கார்ந்துகொண்டது. பாயிண்ட் துறைமுகக் கூட்டத்தைச் சமாதானப்படுத்தச் சொன்ன ஒரு வார்த்தை எங்கெல்லாம் போய் யாரையெல்லாம் நிறுத்தியிருக்கிறது பாருங்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான். தாதா அப்துல்லாவும் தினுசூலுவும் கட்சிக்காரர்களாக இருந்தவரை அவர்கள் பக்கத்து நியாயம் அவர் வாயில் கணீரென்று வந்தது. பிறகு கட்சிக்காரர் மாறினார், டர்பன் வெள்ளைக்கார ஓட்டர்தான் புதுக் கட்சிக்காரர், ஓட்டுதான் ஃபீஸ். நல்ல வக்கீல் எந்தப் பக்கம் நின்றாலும் நன்றாகத்தானே வாதாடுவார்? எதிர்த்தரப்பின் நியாயம் தெரியாமல் இருப்பவரை நம்பி ஏதாவது சொல்லிப் புரியவைக்கலாம். கமிஷன் முன்னால் அத்தனையும் சொல்லி முடித்தவருக்கு எதைப் போய்ப் புரியவைப்பது?

இவ்வளவு செய்தும் அந்தக் கட்சிக்காரர் அவரை வைத்துக்கொள்ளவில்லை. லண்டனிலிருந்து திரும்பியதும் நடந்த தேர்தல் பாதகமாகப் போய், அக்டோபரில் பதவி விலகினார். எட்டு மாசம்தான் பிரதமர். அடுத்து வந்தவர் ஹென்றி பின்ஸ், சர்க்கரைத் தோட்ட முதலாளி, ஒப்பந்தம் முடிந்தவர்களைத் திருப்பி அனுப்ப இந்தியா வரை போய் அரசாங்கத்திடம் பேசிவிட்டு வந்த குழுவில் இருந்தவர்.

1899-ல் ஆங்கிலேயருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் யுத்தம் வெடித்தபோது காந்தி 1,100 பேரைச் சேர்த்து ஆம்புலன்ஸ் படை கட்டினார். முக்கால்வாசிப் பேர் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள், ஸ்ட்ரெச்சர் தூக்கத் தோள் கொடுத்தவர்கள். டிசம்பரில் அவர்கள் போர்முனைக்குக் கிளம்பும் முன்பு படையின் முன்னணி ஆட்களைத் தன் வீட்டுக்கு அழைத்து வாழ்த்திப் பேசி அனுப்பியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? எஸ்கோம்தான். இரண்டு வாரத்தில், டிசம்பர் 27-ம் தேதி, திடீரென்று செத்துப்போனார். மூன்று பவுன் வரி 1914 வரை நின்றது.

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடம் சொன்னேன். எண்பதைத் தாண்டிவிட்டார். கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து கரும்பு வெட்டியவர். தமிழில் கூழ், காவடி, ஆயா, சீக்கிரம் வா என்று கொஞ்சம் வார்த்தைகள்தான் வரும், மிச்சம் டர்பன் இங்கிலீஷ். ஆடி மாசம் கூழ் ஊற்றினால் எங்கள் வீட்டுக்குத் தவறாமல் ஒரு டப்பா வரும். கேட்டோ மேனரில் பிறந்தவர், நிறவெறிச் சட்டம் அங்கிருந்து பிடுங்கி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கின சாட்ஸ்வொர்த்தில் போட்டது. அப்போது இந்த எஸ்கோம் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கின இடம், அவர் இங்கே வீடு வாங்கி வந்தது ரொம்பப் பின்னால்.

சிலைக்காரர் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு ஆண்ட்டி, "சோ, அவன் எல்லாரையும் ரெஜிஸ்டர் பண்ணச் சொன்னான், எல்லாரும் அவனுக்கே போட்டாங்களா?" என்று சிரித்தார். அப்புறம் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். 1984-ல் இந்தியர்களுக்கு என்று தனிச் சபை வைத்து ஓட்டுப் போடச் சொன்னபோது இவர்கள் வீட்டில் யாரும் போகவில்லை. 1994 ஏப்ரல் 27-ம் தேதி சாட்ஸ்வொர்த்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில், ஃபிளாஸ்க்கில் டீயும் முட்டை சாண்ட்விச்சுமாகக் காலையிலேயே போய் நின்றார்களாம், ஆண்ட்டிக்கு ஐம்பது வயது, அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இரண்டு பேருக்கும் அதுதான் முதல் ஓட்டு. வரிசை நகரவே இல்லை. மருமகன்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, ஆயா, இந்தப் படத்துக்கு நேராகப் போடு, மேலே இருந்து இத்தனையாவது என்று விரலை மடக்கிச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தாராம். ஆயா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உன் பேப்பர் உன் கையில, என் பேப்பர் என் கையில" என்று சொல்லிவிட்டு, டீயை வாங்கிக் குடித்தாராம்.

உள்ளே போன ஆயா வெளியே வரவில்லை. 19 கட்சி, 19 முகம் போட்ட நீளக் காகிதம். அதிகாரி இரண்டு தடவை உதவி வேண்டுமா என்று கேட்டும் பதில் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலே இருந்து கீழே வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். யாருக்குப் போட்டார் என்று சாகிற வரைக்கும் சொல்லவில்லையாம், அந்த மருமகன் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.